துடிப்பு சரி, கலோரி சரியா?

மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இதயத்துடிப்பைச் சரியாகக் காட்டுகிறது, ஆகவே அது சொல்லும் கலோரிக் கணக்கும் சரியாகத்தான் இருக்கும் என்பது இன்று பலரிடம் ஊறிப்போன நம்பிக்கை. காலை நடை முடித்து, ‘480 கலோரி போயிருக்கு’ என்று வாட்ச்சைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்தத் தைரியத்தில் இரண்டு போண்டாவும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிடுவதுவரை இந்த நம்பிக்கை போகிறது. இதன் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. ‘ஆகவே’ என்று தொடங்கும் இரண்டாம் பாதிக்குத்தான் ஆதாரம் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதயநோய் மருத்துவர் யூவான் ஆஷ்லியின் குழு 2017இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 60 பேர், ஏழு வகைக் கருவிகள். உட்காரவைத்தும், நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டும் அளந்தார்கள். துடிப்பை ஈசிஜியோடும், கலோரியை முகத்தில் மாட்டிய மாஸ்க் வழியாக அளந்த மூச்சுக்காற்றின் கணக்கோடும் ஒப்பிட்டார்கள். ஏழில் ஆறு கருவிகளின் துடிப்புக் கணக்கில் பிழை 5 சதவீதத்துக்கும் கீழே. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். ஒரே கையில், ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே இவ்வளவு தூரம் எப்படி வந்தது?

உடல் எரிக்கும் கலோரியை நிர்ணயிப்பது அது பயன்படுத்தும் ஆக்ஸிஜன். ஒரு லிட்டர் ஆக்ஸிஜனுக்கு ஏறக்குறைய 5 கலோரி. வாட்ச் ஆக்ஸிஜன் செலவை அளப்பதில்லை. தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பை எண்ணுகிறது. கைவீச்சை ஒரு சென்சார் பார்க்கிறது. நாம் கொடுத்த வயது, எடை, உயரம், ஆணா பெண்ணா என்ற விவரங்களைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போடுகிறது. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மட்டும் வைத்து எத்தனை லிட்டர் தண்ணீர் வந்தது என்று சொல்வது போன்றது இது: ஓடிய நேரம் சரியாகவே இருந்தாலும் கிணற்றின் ஆழம், பைப்பின் அகலம், மோட்டாரின் சக்தி தெரியாமல் லிட்டர் கணக்கு வராது. ஒரே துடிப்பில் ஒருவரின் இதயம் மற்றவருடையதைவிட எவ்வளவோ கூடுதலாக ரத்தத்தைத் தள்ளும்.

நம் ஊர் வெயிலில் இந்தப் பிழை இன்னும் பெருகும். பங்குனி உத்திரத்தை ஒட்டிக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் காவடி சுமந்து நடப்பவர் ஒருவர் கையில் வாட்ச் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வெயில் ஏற ஏற, தசைக்கு மட்டுமல்லாமல் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இதயம் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்வையில் நீர் குறைவதால் ஒரு துடிப்பில் போகும் ரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. நடையின் வேகம் கூடவில்லை, ஆக்ஸிஜன் செலவும் அந்த அளவுக்குக் கூடவில்லை. வாட்ச்சோ துடிப்பு கூடியதைப் பார்த்துக் கலோரியைக் கூட்டிவிடும். இன்னொரு பக்கம், தோளில் இருக்கும் காவடியின் பாரம் அதற்குத் தெரியாது. காவடியைப் பிடித்த கை வீசாததால் அடிகளின் எண்ணிக்கையும் குறையலாம். ஒரு பிழை மேலே இழுக்க, மற்றது கீழே இழுக்கும். கடைசியில் திரையில் நிற்கும் எண் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கட்டியிருப்பவரால் சொல்லவே முடியாது.

யாருடைய உடலை வைத்துச் சூத்திரம் போட்டார்கள் என்ற கேள்வியும் உண்டு. ஓய்வில் உடல் எரிக்கும் கலோரியைக் கணிக்க உலகம் முழுக்கப் புழங்கிய 1985ஆம் ஆண்டின் உலக சுகாதார அமைப்புச் சூத்திரங்களுக்கு அடிப்படையான தரவில் ஏறத்தாழப் பாதி இத்தாலியர்களுடையது. அவை இந்தியர்களுக்குக் கூடுதலாகக் காட்டுகின்றன என்பதால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 5 சதவீதம் குறைத்துக் கணக்கிட்டது. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் உடலையே ஒப்பிட்டுக் காட்டினார்கள்: இருவரின் உடல் நிறை எண்ணும் 22.3தான், ஆனால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தசையும் கொழுப்பும் ஒரே அளவு கலோரியை எரிப்பதில்லை. எடையையும் உயரத்தையும் மட்டும் கேட்கும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

‘2017 பழைய கதை, புது வாட்ச்சுகள் தேறிவிட்டன’ என்று சொல்லலாம். சென்சார்கள் தேறியது உண்மைதான். ஆனால் 158 ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும், கலோரியில் துல்லியமான நிறுவனம் ஒன்றுகூட இல்லை என்றே சொன்னது. நெஞ்சில் கட்டும் பட்டை வாங்கினாலும் துடிப்புதான் இன்னும் சரியாகக் கிடைக்கும்; துடிப்பிலிருந்து கலோரிக்குப் போகும் இடத்தில் அதே ஊகம்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: ‘தவறாகவே இருக்கட்டும், தினமும் ஒரே மாதிரி தவறினால் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாமே?’ பிழை ஒரே மாதிரி இருந்தால் ஒப்பிடலாம். ஆனால் வெயில், தூக்கக்குறைவு, டென்ஷன், காபி எல்லாம் துடிப்பை மாற்றுகின்றன. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர் உழைப்பை வாட்ச் குறைத்துக் காட்டும். மூன்று மாதம் விடாமல் நடந்தவருக்கு இதயம் பலப்பட்டு, அதே வேகத்தில் துடிப்பு குறையும். அது நல்ல சேதி. துடிப்பை நம்பும் கணக்கிலோ அவர் எரித்தது குறைந்ததாகத் தெரியும். முன்னேறியவரை மனம் தளரவைக்கும் எண்ணை எப்படி வழிகாட்டி என்பது?

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிமுகம் செய்தது. அதையே கணக்குப் போடுவோம். 65 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் அதை நடந்தால், உடற்பயிற்சித் துறையின் வழக்கமான வாய்பாட்டின்படி மொத்தம் சுமார் 370 கலோரி. அதில் ஏறக்குறைய 110 கலோரி, அவர் அந்த நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும். நடைக்கென்று செலவானது 260தான். 370இல் 27 சதவீதப் பிழை என்றாலே ஏறத்தாழ 100 கலோரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். மொத்தத்தைக் காட்டும் வாட்ச், மேல்பக்கமாகத் தவறி 470 என்று சொல்லி, அதை நம்பி அவ்வளவையும் சாப்பிட்டால், நடந்ததற்கு மேல் 210 கலோரி உள்ளே போய்விடும். தினமும் வியர்க்க வியர்க்க நடந்தும் எடை குறையவில்லை என்று வருந்துகிறவர்கள் தங்கள் மேல் பழி போட்டுக்கொள்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வாட்ச்சைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. நடந்த நேரத்தையும் தூரத்தையும் பாருங்கள். காலையில் எழுந்ததும் உள்ள துடிப்பு மாதக்கணக்கில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கலோரி எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் அந்த எண்ணை வைத்து ஊசியின் அளவைத் தாங்களாக மாற்றவே வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.