இழுவைக் கப்பலின் எடை எவ்வளவு?

திருத்தணிப் பிள்ளைகளுக்குத் தெப்பம் புதிதல்ல. ஆடிக் கிருத்திகையின்போது சரவணப் பொய்கையில் தெப்பத் திருவிழா பார்க்காதவர் எங்கள் எட்டாம் வகுப்பில் அரிது. ஆனால் இழுவைக் கப்பலை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் அது அன்றாடக் காட்சி. வேகம் குறைந்த பெரிய கப்பலுக்குச் சுக்கான் சரியாக வேலை செய்யாது. அப்போது சிறிய இழுவைக் கப்பல்கள்தான் அதை இழுத்தும் தள்ளியும் துறைமேடையில் சேர்க்கின்றன.

1:50 அளவையில் ஒரு மாதிரிப் பெட்டி வாங்கினோம். பிளாஸ்டிக் அடிப்பகுதி, வெட்டிய மரத்தகடுகள், விளக்கப்படம். ஒட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. உப்புத்தாளால் தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும் என்பதைத் தவிர அதில் சொல்ல அதிகமில்லை. பாடம் இருப்பது அளவையில்.

அசல் கப்பல் நீளம் 30 மீட்டர், அகலம் 10 மீட்டர். மாதிரி 60 செ.மீ., 20 செ.மீ. ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கே போதும், எல்லாரும் போட்டுவிட்டார்கள். அசல் 500 டன் என்றால் மாதிரியின் எடை என்ன என்று கேட்டேன். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் 50-ஆல் வகுத்து 10 டன் என்று எழுதியது. யாரும் சிரிக்கவில்லை! ஒரு மாணவி மாதிரியை ஒரு கையால் தூக்கிக் காட்டிய பிறகுதான் சந்தேகம் பிறந்தது.

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரே அளவுள்ள சிறு கனசதுரங்களைக் கொடுத்து, இருமடங்கு பக்கமுள்ள கனசதுரம் அடுக்கச் சொல்லுங்கள். எட்டு தேவைப்படும். அப்படியானால் நீளம் 50-இல் ஒரு பங்கானால் எடை 50×50×50, அதாவது 1,25,000-இல் ஒரு பங்கு. 5,00,000 கிலோவை அதனால் வகுத்தால் 4 கிலோ.

எங்கள் மாதிரி 1 கிலோ 200 கிராம்தான் இருந்தது. தொட்டியில் விட்டபோது நீர்க்கோடு தண்ணீருக்கு மேலே நின்றது, தொட்டால் சாய்ந்தது. குறைந்த 2 கிலோ 800 கிராமுக்கு மணல் பைகள் கட்டினோம். முதல் குழு அவற்றை மேல்தளத்தில் அடுக்க, கப்பல் கவிழ்ந்தது. அடியில் பரப்பியதும் கோடு வரை அமிழ்ந்து நிமிர்ந்து நின்றது. “அப்ப தெப்பம் ஏன் சார் கவிழல?” என்றான் ஒருவன். அதன் அகலத்தைப் பேச அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்த ‘எவர் கிவன்’ 400 மீட்டர் நீளம். அதே அளவையில் 8 மீட்டர். வராந்தாவில் சாக்பீஸால் வரைந்து மாதிரியைப் பக்கத்தில் வைத்தோம். இத்தனூண்டு எப்படி இழுக்கும் என்ற கேள்வி தானாக வந்தது. தட்டில் செங்கல் வைத்து, தரையிலும் தண்ணீரிலும் சுருள்வில் தராசால் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். எவர் கிவனும் கரையில் தட்டி நின்றவரை இழுவைக் கப்பல்களுக்கு அசையவில்லை. மணலைத் தோண்டி, கடல் ஏற்றமும் சேர்ந்த பிறகு, ஆறு நாள் கழித்துத்தான் நகர்ந்தது.