ஈறும் எந்திர அறிவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. பற்கள் விழுவதற்கு முதுமையே காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். கொத்தனார் வேலை செய்யும் என் தந்தையாரும் அவ்வாறே எண்ணினார். பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தது, ஆனால் வலிக்கவில்லை, எனவே மருத்துவரிடம் செல்லவில்லை. ஐம்பது வயதிற்குள் கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடி விழுந்தன. அவற்றை வீழ்த்தியது முதுமையன்று, ஈறு நோயே என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே நான் அறிந்தேன். இந்நோயில் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு துணை செய்கிறது என்பதைக் காண்போம்.

ஈறு நோய்

பல்லின்மீது படியும் கிருமிப் படலத்தை நாள்தோறும் நீக்காவிடில் ஈறு வீங்கும். பிறகு அது பல்லைவிட்டு விலகிப் பை போன்ற இடைவெளி உண்டாகும். நலமான ஈறில் இதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அதற்கு மேற்பட்டால் ஐயத்திற்கு இடமுண்டு. நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் கடும் ஈறு நோயால் துன்புறுவதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது.

கணிப்பொறியின் கண்

எக்ஸ்-கதிர்ப் படத்தில், எனாமல் முடியும் கோட்டிற்கும் எலும்பின் விளிம்பிற்கும் உள்ள தூரத்தை அளந்தால் எலும்பு கரைந்த அளவு விளங்கும். மருத்துவர்கள் குறியிட்ட ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கிய கணிப்பொறி, புதிய படத்திலும் இவ்விரண்டையும் கண்டு அளக்கிறது. ஓவர்ஜெட் நிறுவனத்தின் இத்தகைய மென்பொருளுக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதி அளித்தது. சொத்தைக்காக எடுத்த படத்திலேயே வலியில்லாத ஈறு நோயின் தடமும் இதனால் வெளிப்படக்கூடும்.

செயற்கைப் பல்வேர்

1952இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரோனெமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியம் அவ்வெலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965இல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேரைப் பொருத்தினார். இன்று முப்பரிமாணப் படத்தில் கீழ்த்தாடை நரம்பு செல்லும் வழியை மென்பொருள் வரைந்து காட்ட, அதனின்று விலகி வேரைப் பொருத்துகின்றனர். 2017இல் சீனாவின் சியான் நகரில், மருத்துவர்களின் மேற்பார்வையில் ஓர் எந்திரன் ஒரு பெண்ணுக்கு 2 வேர்களைப் பொருத்தியது. ஆயினும் ஈறு நோயைத் தீர்க்காமல் பொருத்தினால், செயற்கை வேரைச் சுற்றிலும் எலும்பு கரையலாம்.

எந்திரம் காணாதவை

எக்ஸ்-கதிர்ப் படம் தட்டையானது. பல்லின் முன்னும் பின்னும் கரைந்த எலும்பைப் பல்லே மறைத்துவிடும். மேலும் அது இழந்த எலும்பைக் காட்டுமேயன்றி, இன்று இரத்தம் கசிகிறதா என்பதைக் காட்டாது. அதற்கு மருத்துவரின் கையும் கண்ணும் வேண்டும்.

சென்ற விடுமுறையில் தந்தையாரை வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கணிப்பொறி ஏதுமில்லை. மருத்துவர் மெல்லிய கம்பி போன்ற அளவுகோலால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்து, காறையை நீக்கினார். “வலிக்காததும் நோய்தானா?” என்று தந்தையார் வியந்தார்.

எந்திரம் நுட்பமாக அளக்கும். ஆனால் நாம் சென்று வாயைத் திறந்தால்தானே அளக்கும்! வலி வரும்வரை காத்திராதீர் என்ற செய்தியை வீட்டிற்கு எடுத்துச் செல்வது கற்ற நம் கடமையாகும்.