மேடு ஏறுவதில் என்ன சந்தோஷம்?

பள்ளிக்கு வரும் வழியில் மேம்பாலம் வந்தாலே நான் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுதான் வருவேன். ஆனால் மேட்டைத் தேடிப் போய் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்!

பிரான்சில் ஆல்ப் துயெஸ் என்றொரு மலைச்சாலை. நீளம் சுமார் 14 கி.மீ.; கொண்டை ஊசி வளைவுகள் 21. நூறு மீட்டர் போனால் சராசரியாக 8 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 1952-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முதலாக இங்கே வந்தபோது இத்தாலி வீரர் ஃபாஸ்டோ கோப்பி வென்றார்.

ஏன் பிடிக்கிறது? சமதளத்தில் வேகமாகப் போனால் காற்றுதான் எதிரி. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் பாதி கஷ்டம் தெரியாது. மேட்டிலோ வேகம் குறைவு, காற்றுத் தடையும் குறைவு. அங்கே எதிரி புவியீர்ப்பு விசை. அதனிடம் யார் பின்னாலும் ஒளிய முடியாது. ஏறி முடித்தால் அது முழுக்க நம்ம உழைப்பு! அந்தச் சாலையில் வளைவுகளுக்கு 21-லிருந்து 1 வரை இறங்குவரிசையில் எண் பலகை உண்டு. எண் குறையக் குறையத் தெம்பு கூடும்.

போன வாரம் நானும் பாலத்தின் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கிட்டே மிதிச்சேன். இறங்கவே இல்லை! மூச்சு வாங்குச்சு, கூடவே சிரிப்பும் வந்துச்சு.

நாளைக்கு நீங்களும் மிதிச்சுப் பாருங்க!