எல்லாரும் ஓடிய ஊரில் நின்றவர்



விசுவாசம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது, திருநாளுக்குக் காசு சேர்ப்பது, காம்பராச் சுவரில் படம் மாட்டுவது என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. இவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாக்கோபு தன்னுடைய நிருபத்தின் 2ம் அதிகாரத்தில் ஒரு கேள்வி கேட்கிறார். உடுப்பும் சாப்பாடும் இல்லாமல் வாசலில் நிற்கிறவனிடம் "நல்லா இருப்பா" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் அதில் யாருக்கு என்ன பிரயோசனம் என்பதுதான் அந்தக் கேள்வியின் கருத்து. அதற்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் நம்முடைய மலைநாட்டிலேயே இருந்தார். அவர்தான் புனித யோசேப் வாஸ் அடிகளார்.

இவர் 1651ல் கோவாவில் பிறந்தவர். பிராமணக் குடும்பம். அந்த நேரம் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருமார் வரக்கூடாது என்று அவர்கள் தடை போட்டிருந்தார்கள். அடைக்கலம் கொடுப்பவர்களுக்கும் கடும் தண்டனை. இங்குள்ள சனங்கள் குருவானவர் இல்லாமல் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1687ல் அடிகளார் ஒரு கூலியாள் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கடல் தாண்டி வந்தார்.

கூலி என்ற சொல் நம்ம காதுக்குச் சுடும் சொல். 1854ல் தோட்டங்களில் ஆரம்பித்த அங்கிலிக்கன் திருச்சபையின் ஊழியத்துக்குக்கூட "தமிழ்க் கூலி மிஷன்" என்றுதான் பேர் வைத்தார்கள். மற்றவர்கள் நம்ம மேல் ஒட்டிய அந்தப் பேரை, ஒரு குருவானவர் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் நோயில் விழுந்து எழும்பி, பிறகு புத்தளம் வழியாக 1692ல் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று பிடித்து அடைத்து வைத்தார்கள். பிறகு மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு ஊழியம் செய்ய அனுமதி கொடுத்தார். அந்த மன்னர் பௌத்தர். இதையும் மறக்கக்கூடாது.

அவர் செபம் பண்ணி மழை பெய்த கதையைத்தான் நம்ம ஆட்கள் அதிகமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ 1697ல் நடந்ததுதான் அதைவிடப் பெரிசாகத் தெரிகிறது. அந்த வருஷம் கண்டியில் வைசூரி பரவியது. மன்னரே நகரத்தை விட்டுப் போனார். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. மருந்தில்லாத நோய்க்கு முன்னால் பயம்தான் வேலை செய்யும். அடிகளாரும், அவருக்கு உறவினரான யோசேப் கர்வாலோ குருவானவரும் மட்டும் நகரத்தில் நின்றுகொண்டார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போனார்கள். ஒதுங்க இடம் செய்து கொடுத்தார்கள். தண்ணியும் கஞ்சியும் கொடுத்து, புண்ணைக் கழுவி, செத்தவர்களை அடக்கம் பண்ணினார்கள். நீ எந்த மதம் என்று கேட்டுவிட்டுத் தண்ணி கொடுக்கவில்லை. இப்படி ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல மாதங்கள்.

இதற்குப் பிறகு நூற்றிச் சொச்சம் வருஷம் கழித்துத்தான் நம்ம முன்னோர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார், மாத்தளை வழியாக நடந்து வந்தார்கள். வழியில் வாந்திபேதியும் வைசூரியும் கண்டு விழுந்தவர்கள் பலர் அங்கேயே போனார்கள். அப்படி விழுந்த ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார ஒரு வாஸ் அடிகளார் இருக்கவில்லை.

இப்போது நம்ம லயத்துக்கு வருவோம். வைசூரி உலகத்திலேயே இல்லையென்று 1980ல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் டீபீ, அதாவது காசநோய், இன்னும் இருக்கிறது. ஒருத்தருக்கு டீபீ என்று தெரிந்தால் என்ன நடக்கிறது? நான் போன ஒரு லயத்தில், மருந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனுக்குக் கோப்பையும் தட்டும் வேறாக வைத்து, இஸ்தோப்பில் படுக்கப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் போகவே தடை. அவருக்கு நோயைவிட இதுதான் பெரிய வேதனை.

டீபீ தட்டாலும் கோப்பையாலும் கையைத் தொடுவதாலும் தொற்றாது. இருமும்போது காற்றில் வரும் கிருமியால்தான் தொற்றும். ஜன்னலைத் திறந்து வைப்பதும், வாயை மூடி இருமுவதும் அதனால்தான் முக்கியம். மருந்தை ஒழுங்காகக் குடிக்கத் தொடங்கினால் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதிக்க வேண்டும். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் மருந்து இலவசம். ஆனால் ஆறு மாதமாவது விடாமல் குடிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறினவுடன் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். அதற்குப் பிறகு வைத்தியம் கஷ்டம்.

இங்கேதான் நம்ம ஆட்கள் விழுகிறார்கள். டயகமவிலிருந்து கிளினிக்குக்குப் போய் வர ஒரு பகல் போய்விடும். அன்றைக்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. கூட வருகிறவருக்கும் பேர் இல்லை. அதனால் ஒரு தடவை விடுவார்கள், அப்புறம் ஒரேயடியாக விட்டுவிடுவார்கள்.

செபக் கூட்டம் வைக்கிற சகோதரிகளிடம் நான் கேட்பது இதைத்தான். நோயாளிக்காக உருகி செபிக்கிறீர்கள், நல்லது. அந்தக் கூட்டத்திலேயே அடுத்த கிளினிக் நாளுக்கு யார் கூடப் போவது, அவருடைய பிள்ளையைப் பிள்ளைமடுவத்திலிருந்து யார் கூட்டிவருவது, பஸ் காசுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிட்டு எழும்புங்கள். நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய நோயைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். அவர்களிலும் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நோயாளி தினமும் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். யார் பார்ப்பது என்று கிளினிக்காரர்கள் நோயாளியிடம் பேசி முடிவு செய்வார்கள். பெரட்டுக்குப் போகும் முன் ஐந்து நிமிஷ வேலைதான், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு நாளும் தவறக்கூடாது. விருப்பமுள்ளவர்கள் தோட்ட டிஸ்பென்சரியில் விசாரிக்கலாம். எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அங்கே கேட்க மாட்டார்கள்.