வீட்டோடு வந்த கடன்

கேள்வி: படிவமும் கையுமாக வந்து வருமானம், கடன் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். இந்த ஆராய்ச்சிகளால் எங்களுக்கு என்ன பயன்?
– வாசகி, கோப்பாய்

பதில்: எரிச்சல் நியாயம்தான், அம்மா. ஆனால், பயன்பட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். போருக்குப் பின் இந்திய அரசின் வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய், தவணை தவணையாக. சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏற, பலருக்குக் கூரை போடுமுன்பே காசு முடிந்தது. நகை அடகுக்குப் போனது, கடன் ஏறியது. ஊர் இதை 'விரலுக்குத் தகாத வீக்கம்' என்றது. கொழும்பின் வறுமை ஆராய்ச்சி நிலையம் யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் குடும்பங்களிடம் கேட்டு, 2014இல் அந்தக் கடன்களை ஆய்வாக எழுதியது. உழைப்புக்கு வழியில்லாதவரிடம் வீடு கட்டச் சொன்ன திட்டத்தையும் கேள்வி கேட்க அது உதவியது. அடுத்து வருபவரிடம், அறிக்கையின் தமிழ்ப் பிரதி கோப்பாய்ப் பிரதேச செயலகத்துக்கு வருமா என்று கேளுங்கள். மழுப்பினால் படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள்.