தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதே

பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவின் பழைய பஜேரோவை நீயே வாங்கிக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான். 4டி56 டீசல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், இன்னும் துரு ஏறாத சேஸிஸ், நல்ல வண்டி. ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பினாங்குப் பாலத்து நெரிசலில் சூட்டு முள் ஏறுகிறது சார். ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று பட்டறையில் சொல்கிறார்கள். கழற்றிவிடட்டுமா?"

கழற்றாதே.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. பிறையில் கேட்டிருக்கிறேன், கூலிமில் கேட்டிருக்கிறேன், சுங்கைப் பட்டாணியில் கேட்டிருக்கிறேன். தமிழர் பட்டறை, சீனர் பட்டறை, மலாய்க்காரர் பட்டறை என்ற பேதமே இல்லாமல் நாட்டில் நிலவும் ஒற்றுமைகளில் இதுவும் ஒன்று. பனி கொட்டும் ஊருக்காக ஜப்பான்காரன் வைத்தது, நமக்கு வேண்டாம் என்பார்கள். சொல்பவர்கள் கைத்தொழிலில் கெட்டிக்காரர்கள். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

கணக்குப் போட்டுப் பார். உன் எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் 80-லிருந்து 95 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஹொக்கைடோவில் குளிர்காலக் காலையில் வெளியே மைனஸ் 10 என்றால், 85-ஐ எட்ட எஞ்சின் 95 டிகிரி ஏற வேண்டும். பட்டர்வொர்த்தில் மத்தியானம் 32 டிகிரி என்றால் 53 டிகிரி ஏற வேண்டும். ஏற்றம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தானே! நமக்கு வேர்த்துக் கொட்டுகிற உச்சி வெயில் எஞ்சினுக்குக் கடுங்குளிர். நம் தோலுக்குச் சுடுவதை வைத்து இரும்புக்குத் தீர்ப்புச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

தெர்மோஸ்டாட்டை நீ கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவில் ஒரு பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. தண்ணீர் சூடாக, மெழுகு உருகிப் பருத்து ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஸ்பிரிங்கை மீறி, ரேடியேட்டருக்குப் போகும் வழியின் வால்வைத் திறக்கும். மின்சாரமும் கிடையாது, சென்சாரும் கிடையாது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு, அடிப்படை மாறாமல் இன்றும் ஓடுகிறது. வெப்பத்தை வைத்தே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் யோசனை அதைவிடப் பழசு. ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே வாங்கிய அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில்தான் கொர்னேலிஸ் ட்ரெபெல்லைப் பற்றிப் படித்தேன். 1572-இல் பிறந்த டச்சுக்காரர். லண்டன் போய் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் இருந்தவர். தேம்ஸ் நதியில் நீர்மூழ்கி ஓட்டிக் காட்டியதற்காகத்தான் அவரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவருடைய முட்டைப் பெட்டிதான் பெரிது. கோழிக்குப் பதிலாக அடுப்புச் சூட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டி. சூடு கூடினால் உள்ளே இருக்கும் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் உயர்ந்து அடுப்பின் காற்று வழியை மூடும். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் கோழி முட்டைக்குக் கொடுத்த மரியாதையை நம் ஆட்கள் ஒரு டீசல் எஞ்சினுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

சரி, கழற்றினால் என்ன ஆகும்? எஞ்சின் சூடேறவே நேரம் எடுக்கும். நீ பாகானிலிருந்து மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அது சரியான சூட்டைத் தொட்டிருக்காது. குளிர்ந்த சுவரில் டீசல் முழுசாக எரியாது. மிச்சம் ரிங்கைத் தாண்டி வழிந்து எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப் போனால் சிலிண்டரும் ரிங்கும் தேயும். ஈரம் ஆவியாகிப் போகாமல் தங்கி, எண்ணெய்க் கசடு கட்டும். இவையெல்லாம் ஒரே நாளில் தெரியாது. வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கும் நாசம், அதனால்தான் கழற்றியவர் மேல் யாரும் பழி போடுவதில்லை. காசுக் கணக்கும் இருக்கிறது: 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஒரே இரவில் ஏறியது. அதற்குப் பிறகும் குளிர்ந்த எஞ்சினில் டீசலை ஊற்றி ஓட்டுவேன் என்பவர் பெரிய பணக்காரத் தவுக்கேயாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் பட்டறையில் நம்ப மாட்டார்கள்: கழற்றினால் சில எஞ்சின்களில் சூடு கூடவே செய்யும். பல தெர்மோஸ்டாட்டுகளின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு ஸ்பிரிங்கோடு தொங்கும். மேல் வால்வு ரேடியேட்டருக்கு வழி திறக்கத் திறக்க, அடித்தட்டு இறங்கி பைபாஸ் ஓட்டையை அடைக்கும். பைபாஸ் என்பது ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழி. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அந்த ஓட்டையை அடைக்க ஆளே இல்லை. தண்ணீர் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும். உன்னுடையதில் அடித்தட்டு இருக்கிறதா என்று பார்த்து எழுது.

கழற்றக் கூடாது என்று என் பக்கம் பேசுகிற சிலரே ஒரு தப்பான காரணம் சொல்வார்கள்: தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டரில் வேகமாக ஓடிவிடும், சூட்டை இறக்க நேரம் கிடைக்காது என்று. பொய். வேகமாக ஓடும் தண்ணீர் அதிகச் சூட்டைத்தான் கொண்டுபோகும். ஒரு சுற்றில் குறைவாக இறக்கினாலும் சுற்று அதிகம். சரியான முடிவைத் தப்பான காரணத்தோடு சொல்பவரை எதிராளி சுலபமாக மடக்கிவிடுவான். நீ அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதே.

உனக்கு தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார், தூக்கி எறியாதே. பழைய சட்டி ஒன்றில் (அம்மாவின் குழம்புச் சட்டி வேண்டாம்) தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடு. கூடவே ஒரு வெப்பமானி. விளிம்பில் 76.5 என்றோ 82 என்றோ பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் வால்வு வாய் பிளக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் கொதி வருமுன் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறவிட்டால் முழுசாக மூட வேண்டும். திருப்பி மாட்டும்போது, விளிம்பில் ஒரு குட்டி ஓட்டையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஆணியும் தெரியும். சிக்கிய காற்று வெளியேற அதுதான் வழி. அந்த ஆணி மேலே பார்த்து இருக்க வேண்டும். கீழே பார்த்து மாட்டிவிட்டு, காற்று அடைத்து, பிறகு "புதுசு போட்டும் சூடேறுது" என்று புலம்புகிற வண்டிகள் எத்தனையோ. புதுசு வாங்குவதானால் புதுசே வாங்கு. பழைய வண்டிகளை வெட்டி விற்கும் ஹாஃப் கட் கடையில் கியர் பெட்டி வாங்கு, கதவு வாங்கு. முப்பது வருஷம் கொதித்த மெழுகை வாங்காதே.

ஆனால் தம்பி, உன் வண்டியில் தெர்மோஸ்டாட் குற்றவாளியே இல்லை. நெரிசலில் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியிலேயே அதற்கு விடுதலை கிடைத்துவிட்டது. மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட் நெடுஞ்சாலையில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலும், தண்ணீர்ப் பம்பின் இறக்கை தேய்ந்திருந்தாலும் அப்படியே: கேமரன் மலை ஏறும்போது திணறும், ஊருக்குள் சாதுவாக இருக்கும். நிற்கும்போது மட்டும் சூடேறினால் குறை தண்ணீரில் இல்லை, காற்றில். அதுவும் டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது பெரிதாகச் சூடு தராது. அப்படியும் ஏறுகிறதென்றால் ரேடியேட்டர் வழியே காற்று போகவே இல்லை. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் பாதி வழி ஊர்ந்தால், ஏசியும் ஓடினால், வேறென்ன ஆகும்?

ஆகவே விசிறியைப் பார். உன் வண்டியில் விசிறி பெல்ட்டில் ஓடுவது. நடுவில் சிலிக்கோன் எண்ணெய் அடைத்த கிளட்ச் இருக்கும். முன்னால் இருக்கும் ஈருலோகச் சுருள், ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டில் வளைந்து எண்ணெயை உள்ளே விடும். விசிறி இறுகிப் பிடித்துச் சுழலும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிப்பு போய்விடும். நன்றாக ஓடிச் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசிறியைக் கையால் சுழற்று. கனமாக எதிர்க்க வேண்டும். தள்ளிவிட்டதும் தன் பாட்டுக்குச் சில சுற்று சுற்றினால் கிளட்ச் செத்துவிட்டது. கிளட்சின் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஆரம்போல் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதோடு ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார். லாலாங் புல்லின் பஞ்சு, செம்பனைத் தோட்டத்துப் பூச்சி, சேறு எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, மெதுவான தண்ணீரில் கழுவு. கார் கழுவும் கடைக்காரன் அழுத்தக் குழாயை வைத்தானோ, தகடெல்லாம் மடங்கிவிடும். நம் கடற்கரை உப்புக்காற்றில் தகடு ஏற்கெனவே மக்கியிருக்கலாம். விரலால் தொட்டால் உதிர்கிறதென்றால் கழுவிப் பயனில்லை, ரேடியேட்டரையே மாற்று.

ரேடியேட்டர் மூடியையும் அலட்சியம் செய்யாதே. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி ஒழுங்காக இருந்தால் வெறும் தண்ணீரே 119 டிகிரி வரை கொதிக்காது. அதன் ரப்பர் காய்ந்துபோனால் 100-லேயே கொதி வந்துவிடும். அதற்காகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருக்காதே, கூலண்ட் ஊற்று. நமக்கு அது உறையாமல் இருக்க வேண்டியதில்லை, துரு பிடிக்காமல் இருக்க வேண்டும்.

இவ்வளவு நான் அலட்டிக்கொள்வது அந்த எஞ்சினின் தலைக்காக. சிலிண்டர் கட்டை வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் தலை அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் தலை வளையலாம், வால்வுகளுக்கு நடுவில் விரிசல் விடலாம். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் மேல் குழாய் கல் மாதிரி இறுகினால், தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், விஷயம் ஏற்கெனவே தலைவரை போய்விட்டது. டாக்கார் ராலியில் 12 முறை ஜெயித்த வண்டி என்று மாமா சொன்னதை எழுதியிருந்தாய். அந்த வண்டிகளுக்குப் பின்னால் ஒரு லோரி நிறைய ஆளும் சாமானும் போயின. உனக்குப் பின்னால் நான் மட்டும்தான்.

சோதித்துவிட்டு எழுது. "கொஞ்சம் ஏறுது" என்று எழுதாதே. முள் எங்கே நின்றது, ஏசி போட்டா போடாமலா, எத்தனை நிமிஷம் நின்ற பிறகு என்று எழுது. முள் திடீரென்று கீழே விழுந்தாலும் சந்தோஷப்படாதே. தண்ணீர் முழுக்கப் போய் சென்சார் வெறும் காற்றில் தொங்கினாலும் அப்படித்தான் காட்டும்.

டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று மாமாவிடம் கேள். நினைவில்லை என்றால், விசிறி வேலைக்கு முன்பக்கத்தைக் கழற்றும்போதே மாற்றிவிடு. உள்ளே பேலன்சர் ஷாஃப்ட்டுக்கு இன்னொரு சின்னப் பெல்ட் இருக்கும். "அது நல்லாத்தான் இருக்கு" என்று விடப் பார்ப்பார்கள். அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் ராக்கர் எல்லாம் முறியும். இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல், பழையது இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்