ஏட்டுப்பிழையும் உயிர்ப்பிழையும்

முன்னுரை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்துக் குழந்தையொன்றின் மருந்துக்காக 2021ஆம் ஆண்டு பொதுமக்கள் ஏறத்தாழ 16 கோடி ரூபாய் ஈந்தனர். நடுவண் அரசும் இறக்குமதி வரியை விலக்கியது. வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே செலுத்தப்படும் அம்மருந்தின் இயல்பை ஈண்டுக் காண்போம்.

நோயின் இயல்பு

அக்குழந்தையைப் பற்றியது தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் உள்ளன. அவை வாழ ஒரு புரதம் வேண்டும். அதனை ஆக்கும் எஸ்.எம்.என்.1 என்னும் மரபணு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகளாய் வருகிறது. இரண்டும் பழுதுற்றால் நரம்பணுக்கள் மடியும், தசைகள் தளரும், நோய் கடுமையாயின் மூச்சும் தடைப்படும். எஸ்.எம்.என்.2 என்னும் துணைமரபணு உண்டெனினும், அதிலுள்ள ஓரெழுத்து மாற்றத்தால் பெரும்பாலும் குறைபட்ட புரதமே விளைகிறது. ஓரெழுத்துத் திரிந்தமையால் பாடலின் பொருளே கெட்டமையைச் சுவடிப் பதிப்பில் நாம் கண்டதுண்டன்றோ!

மருந்தின் செயல்

பதிப்பாசிரியர் பிழையைத் திருத்துவார். இம்மருந்தோ பழுதுற்ற ஏட்டைத் தொடாது, பிழையற்ற படியொன்றைப் புதிதாகச் சேர்க்கிறது. ஏ.ஏ.வி.9 என்னும் வைரசின் கூட்டினுள் நல்ல மரபணுவை வைத்துக் குருதியில் செலுத்துவர். அக்கூடு குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து நரம்பணுக்களை அடையும். ஜோல்ஜென்ஸ்மா எனப்படும் இம்மருந்து 2019 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அன்று அதன் விலை 21 இலட்சத்து 25 ஆயிரம் டாலர். ஏ.ஏ.டி.சி. என்னும் நொதிக் குறைபாட்டிற்கு மூளையிலேயே நேரடியாகச் செலுத்தும் மரபணு மருந்தை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது.

காலத்தின் அருமை

மடிந்த நரம்பணுவை இம்மருந்து உயிர்ப்பிக்காது, எஞ்சியவற்றையே காக்கும். ஆதலின் அறிகுறி தோன்றுமுன் பெறும் குழந்தையே மிகுந்த பயன் அடைகிறது. தலை நிற்காமை, கைகால் தளர்ச்சி, மெலிந்த அழுகை ஆகியவற்றைக் கண்டும், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருத்தல் தகாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டிய கொல்லிமலை போன்ற ஊர்களில், குழந்தையை முதலில் காணும் செவிலியரின் கூர்மையே பெருந்துணை.

முடிவுரை

பெற்றோர் இருவரும் நோயின்றியே பழுதுற்ற படியொன்றைத் தாங்கியிருக்கலாம். அவ்வாறாயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவுக்குள் மணம்புரியும் வழக்கம் இத்தகைய நோய்களின் வாய்ப்பை மிகுவிக்கும். குருதி ஆய்வால் இதனை முன்னரே அறியலாம். ஓரியின் நாட்டில் கொடை வற்றவில்லை என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் எல்லாக் குழந்தைகளுக்கும் 16 கோடி திரட்டல் இயலாது. காலத்தே அறிதல் எல்லார்க்கும் இயல வேண்டும்.